வரிசையில் பழனியின் வண்டி

கள்ளக்குறிச்சி
18-2-1990

அன்பு மகன் சிவசங்கருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் சௌக்கியம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் எங்கள் சௌக்கியத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். உன் அம்மாவுக்குப் பனி நாளில் முழங்கால் வலி ஜாஸ்தியாக இருந்தது, இப்போது தேவலை. எண்ணெய் தேய்த்துவிடச் சொல்கிறாள், தேய்த்தால் என் கை உப்புத்தாள் மாதிரி இருக்கிறது என்று திட்டுகிறாள், திட்டத் தெம்பு இருப்பதால் நீ கவலைப்பட வேண்டாம். சின்னசேலத்தில் உன் அக்கா விஜயலட்சுமிக்கு இது ஆறாம் மாதம், பங்குனி முடிந்து அழைத்து வரலாம் என்று இருக்கிறோம். கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு தை முதல் வாரத்தில்தான் வந்தது, பாதி வெட்டியாகிவிட்டது, மீதி நிற்கிறது. நீ வாங்கி அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்தது. மாசி வெயிலுக்குக் கம்பளி அனுப்பிய பிள்ளை நீ ஒருத்தன்தான் என்று தபால்காரர் வரை சிரித்தாயிற்று, இருந்தாலும் உன் அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

போன கடிதத்தில் நீ ஒரு விஷயம் எழுதியிருந்தாய். நம் ஊருக்கு ஜீப் வந்தபோது அப்பா எப்படிப் பேசித் திருப்பி அனுப்பினார் என்று அறையில் இருக்கும் சிநேகிதர்களிடம் சொன்னதாகவும், அவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததாகவும், அப்பா மாதிரி சாமர்த்தியம் எனக்கு வராது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கதையில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. இரண்டேகால் வருஷமாக ஊரில் உன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது, இப்போது இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும். உனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, பாதியில் மடித்துப் பெட்டியில் போட்டுவிடாதே.

நம் பங்காளி வீட்டுப் பழனியை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவன் கரும்பு வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு போவாய், அவனும் ஒன்றும் சொல்ல மாட்டான். உனக்குப் பதினேழு வயது இருக்கும்போது அவன் ஜெயிலுக்குப் போனான். ஆலை வாசலில் வண்டிகள் ஒன்றரை நாள், இரண்டு நாள் வரிசையில் நிற்கும் அல்லவா, சாப்பிடவோ கொல்லைக்கோ போகிறவன் பக்கத்து வண்டிக்காரனிடம் மாட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவான், வரிசை நகர்ந்தால் அவன் இவன் வண்டியையும் நகர்த்த வேண்டும், அதுதான் காலகாலமாக இருக்கிற முறை. அன்றைக்குப் பழனி தன் மாட்டைப் பின்னால் நின்ற தங்கமணியிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். வரிசை நகர்ந்தபோது தங்கமணி தன் வண்டியை மட்டும் முன்னே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்த பழனி கேட்டான், பேச்சு முற்றியது, வண்டிக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையை எடுத்து ஒரே அடி. தங்கமணி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கொல்ல வேண்டும் என்று அடித்ததில்லை என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டு பத்து வருஷம் கொடுத்தது. பழனி செய்தது சரி என்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

இனி ஜீப் கதைக்கு வருகிறேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் முடிந்த கையோடு அந்த ஐப்பசியில் ஊரே எப்படிக் கிடந்தது என்று உனக்குத் தெரியும். சாலையில் மரம் வெட்டிப் போட்டவர்கள் என்று போலீசார் பெயர் எழுதிக்கொண்டு தேடினார்கள், நீயும் உன் கூட்டாளிகளும் பகலெல்லாம் கரும்புக் காட்டுக்குள் இருந்தீர்கள். ஜீப் வந்து யாரைக் கேட்டாலும் எல்லாரும் ஒரே பதில் சொல்ல வேண்டும், அப்படி யாரும் ஊரில் இல்லை, குடும்பமே போய்விட்டது என்று கூடிப் பேசி வைத்திருந்தோம். அன்று களத்து மேட்டில் நான் மட்டும் இருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கியவர் பழனி வூடு எது, அவரு சம்சாரம் செவ்வந்தி இருக்காங்களா என்று கேட்டார். செவ்வந்தியின் தம்பி பெயரும் பட்டியலில் இருந்தது, அக்காவைப் பிடித்து வைத்தால் தம்பி தானாக வருவான் என்று வந்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் குடும்பமே ஊர்ல இல்லீங்க, வூடு இடிஞ்சு போச்சு, எங்க போனாங்கன்னே தெரியாது என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். செவ்வந்தி அப்போது இரண்டு கொல்லை தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

இதுவரைக்கும்தான் உனக்குத் தெரியும். வந்தவர் போலீஸ் இல்லை சங்கர். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் குடையும் நாடா கட்டிய ஒரு காகிதக் கட்டும் வைத்திருந்தார். தான் கடலூரிலிருந்து வரும் நன்னடத்தை அலுவலர் என்றும், ஜெயிலில் பழனி ஒழுங்காக இருப்பதால் முன்கூட்டியே விடுகிற யோசனை இருக்கிறது என்றும், வந்தால் இருக்க வீடும் ஏற்றுக்கொள்ள ஆளும் இருக்கிறதா என்று விசாரித்து எழுதத்தான் வந்தேன் என்றும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் நான் ஐயோ தப்பா சொல்லிட்டேங்க, வாங்க, செவ்வந்தி அதோ இருக்கா என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் நாற்பது அடியில் கரும்புத் தோகை ஆடிக்கொண்டிருந்தது, அங்கே, தாழ்ந்த பேச்சு எட்டாத தூரத்தில், நீ உட்கார்ந்திருந்தாய். அவர் ஊருக்குள் போனால் ஜீப் ஒரு மணி நேரமாவது நிற்கும், ஜீப் நிற்பதைப் பார்த்து நிஜப் போலீசே வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன், சர்க்கார் ஆளிடம் பொய் சொன்னதற்கு என்னைப் பிடிப்பார்களோ என்றும் பயம். அவர் எழுதிக் காட்டினார். குடும்பம் ஊரில் இல்லை, ஏற்றுக்கொள்ள யாரும் இல்லை என்று இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தது அதற்குப் பயன்பட்டது. ஜீப் போனதும் நீ வெளியே வந்து, இன்னாப்பா, ஒரே பேச்சுல ஓட்டிட்டியே என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். மறுநாள் நீ லாரி ஏறி சேலம் போய் அங்கிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டாய். உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன், அவள், நம்ம புள்ள தப்பிச்சானே, அதப் பாரு என்றாள். தாய் மனசு, அவளைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நான் உண்மை சொல்லியிருந்தால் பழனி அடுத்த தைக்குள் வந்திருக்கலாம். வைகாசியில் அவன் மகள் கண்ணகிக்குத் திருநாவலூர் கோயிலில் கல்யாணம். அப்பன் இல்லாத இடத்தில் பங்காளி முறையில் நீங்கதான் மாமா நிக்கணும் என்று செவ்வந்தி வந்து கேட்டாள். போய் நின்றேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தது நான்தான். அவள் கை சில்லென்று இருந்தது. தாத்தா என்று சொல்லி என் காலில் விழுந்தாள், ஆசீர்வாதம் பண்ணினேன், பந்தியில் உட்கார்ந்து பாயசமும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு செவ்வந்தி மனு எழுதிக்கொண்டு கடலூருக்குப் போனாள். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரே ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள், பெயரைச் சொல்லவில்லை. அவள் நேராக நம் வீட்டுக்கு வந்து, எவன் மாமா அப்பிடி எழுதிக் குடுத்தான், எழுதுன கை புழுத்துப் போவ, அவன் புள்ளய அவன் பாக்காம போவ என்று அழுதாள். உன் அம்மா உள்ளே போய்விட்டாள். நான் உட்கார்ந்து முழுதும் கேட்டேன், கடைசியில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

அதைக் கேட்டுவிட்டு மறுநாளே நான் கடலூர் போனேன் என்று நீ நினைப்பாய். இல்லை. ஆறு மாதம் போனது. நடவு, மழை, மாட்டுக்குக் கோமாரி என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சாக்கு இருந்தது. போன வருஷம் தை பிறந்த பிறகுதான் போனேன். அதே கண்ணாடிக்காரர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார், திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இனிமே முன்விடுதலைக் குழு கூடி முடிவு பண்றதுக்குள்ள அவரு தண்டனையே கழிஞ்சிடும் போலருக்கே பெரியவரே என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, சரி, அவரு வந்தா யாரு வேலை குடுப்பாங்க என்று கேட்டார். நான் குடுக்கறேங்க என்று சொல்லி இரண்டாவது கையெழுத்தைப் போட்டேன்.

போன ஐப்பசியில், ஒழுங்காக இருந்ததற்குக் கழித்த நாட்கள் போக மீதித் தண்டனையும் தீர்ந்து, பழனி வந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. தன் வீட்டு வாசலிலேயே உள்ளே போகாமல் நிற்கிறான் சங்கர், எட்டு வருஷமாகக் கதவை வேறொருவர் திறந்துதான் பழக்கம். உள்ளே தச்சு வேலை நன்றாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான், நம் வண்டிக்குப் புது நுகத்தடி அவன்தான் செய்தான், ஆனால் ஊரில் ஒருவரும் ஒரு நாற்காலிக்குக் கால் போடக்கூட அவனைக் கூப்பிடவில்லை. அவன் கையில் உளியும் சுத்தியும் இருப்பதைப் பார்த்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். நானாவது கொடுத்த கையெழுத்துப்படி நடந்தேனா என்றால் அதுவும் இல்லை. தினமும் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், மலையிலிருந்து நமக்குப் புளி கொண்டுவந்து போடும் கரியாலூர்க்காரரிடம் பேசி, மலையில் சாமை அறுப்புக்கும் மர வேலைக்கும் ஆள் வேண்டுமாம், அங்கே யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள், காற்றும் நன்றாக இருக்கும் என்று சொல்லிக் கச்சிராயபாளையம் வரை நானே கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தே நாளில் இறங்கி வந்துவிட்டான். மலைக்காரங்க தங்கமா வச்சிருந்தாங்க பெரியப்பா, ஆனா நான் எட்டு வருசமா நாள எண்ணிக்கினு கெடந்தது ஊருக்கு வர்றதுக்கு, மலையில போயி ஒளியறதுக்கு இல்ல, ஒளியறதுக்கு நான் இன்னா பாக்கி வச்சிருக்கேன் என்று கேட்டான். மாட்டைப் பிடித்து அவன் கையில் கொடுத்து, கரும்பு வண்டியை நீயே ஆலைக்கு ஓட்டு என்றேன்.

எந்த இடத்துக்கு அவனை அனுப்பினேன் என்று உனக்குப் புரியும். முதல் நடை போனபோது அவன் வண்டிக்குப் பின்னால் நின்றவர்கள் நாலு முழம் இடம் விட்டுத்தான் நிறுத்தினார்களாம். யாரும் அவனிடம் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை, அவன் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒன்றரை நாள் வண்டிக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்து, மாட்டை விட்டு நகர முடியாமல், பட்டினியாக வந்தான். அவன் சொல்லவில்லை, கூடப் போன வண்டிக்காரர்கள் சொல்லி எனக்குத் தெரியும். இரண்டாம் நடைக்கு உன் அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். மூன்றாம் நடையில் அவனுக்கு முன்னால் சின்னக்கண்ணு வண்டி. சின்னக்கண்ணு செத்துப்போன தங்கமணியின் ஊர்க்காரர், அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர். அவர் திரும்பிப் பார்க்காமலே அரை நாள் நின்றாராம். பிறகு இறங்கி வந்து, பழனி, நம்ம மாட்டக் கொஞ்சம் பாத்துக்கினு இரு, டீ குடிச்சிட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். போனவர் சீக்கிரம் வரவில்லை. வரிசை நகர்ந்தது. பழனி முதலில் சின்னக்கண்ணு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து தன் வண்டியை ஓட்டினானாம். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் யாரும் இடையில் புகவில்லை.

அன்று சாயங்காலம் கொட்டகையில் மாட்டை அவிழ்த்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சாட்சி சொன்னவரே வுட்டுட்டாரு பெரியப்பா, நமக்கு ஆளே இல்லன்னு எவனோ எழுதிக் குடுத்தானாம், செவ்வந்தி இன்னும் பொலம்பிக்கினு கெடக்கறா, போவட்டும், அவனையும் நான் வுட்டுட்டேன் என்றான். ஆள் தெரியாமல் கொடுக்கும் மன்னிப்பை வாங்கி மடியில் கட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை சங்கர். அப்பிடி எழுதிக் குடுத்தவன் நானுதான் பழனி என்று சொல்லிவிட்டேன். ஜீப்பும், கரும்புக் காடும், நீயும், கையெழுத்தும், எல்லாம் சொன்னேன். அவன் கையில் இருந்த மாட்டுத் தும்புக் கயிற்றைக் கீழே போட்டான். எம் பொண்ணு கல்யாணத்துல எம் எடத்துல நின்னது நீதான என்று கேட்டான். அவன் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்றேன். நின்னுட்டு சோறும் தின்ன இல்ல என்றான். அதற்கும் ஆமாம் என்றேன். கிளம்பிப் போய்விட்டான்.

நாலு நாள் வரவில்லை. வெட்டிய கரும்பு காட்டில் கிடந்து காய்ந்தது. வேறு ஆளை வைத்து ஓட்டலாமே என்று உன் அம்மா சொன்னாள், கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, காய்ந்தால் காயட்டும் என்று இருந்துவிட்டேன். செவ்வந்தி தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், இன்றுவரை அப்படித்தான், அவளிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஐந்தாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் மணிச் சத்தம் கேட்டது. பழனி மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல், வெட்டுன கரும்பு எடை கம்மியாவுது, உங்க மேல இருக்கற கோவத்த அது மேல இன்னாத்துக்குக் காட்டணும் என்றான். மறுபடி நீங்கள் என்று சொல்லிவிட்டானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்து பத்தடி போனதும் நிறுத்தினான். தம்பி எப்ப வர்றான் என்று கேட்டான். கேஸ் இருக்கிறதே, எப்படி வருவான் என்றேன். அவன ஒளிய வச்சீங்க, நான் உள்ள கெடந்தேன், நான் வெளிய வந்தும் அவன் ஒளிஞ்சுகினே இருந்தா நான் கெடந்ததுக்கு இன்னா அர்த்தம், வரச் சொல்லுங்க, கோர்ட்டுக்கு நான் கூடப் போறேன், எங்க நிக்கணும், யார்கிட்ட இன்னா சொல்லணும்னு எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினான்.

நீங்கள் ஒதுக்கீடு கேட்டது தப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, கேட்டதில் ஒரு பங்கு வந்தும் விட்டது, நம் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் அதை வைத்து மனுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் சாலையில் நீ வெட்டிச் சாய்த்த புளியமரம் ஒன்றும் செய்யாத மரம், அதற்கு நீ போய் ஆமாம் என்று நின்றால் நீ குறைந்துபோக மாட்டாய். உன்னோடு இருந்தவர்கள் அப்போதே உள்ளே போய் முப்பது நாற்பது நாளில் வந்து, இப்போது வாய்தாவுக்குப் போகிறார்கள், வருகிறார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டு பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். நீதான் வெளியிலேயே இருந்துகொண்டு எல்லாரையும்விட நீளமாகத் தண்டனை அனுபவிக்கிறாய். அந்தத் தண்டனையை உனக்குக் கொடுத்தது போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை, நான்தான். உன்னைக் காப்பாற்றினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி வக்கீலைப் பார்த்துப் பேசினேன், தானாக வந்து நின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது, கேஸையே வாபஸ் வாங்கினாலும் வாங்கலாம் என்றார், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். சில நாள் உள்ளே இருக்க வேண்டி வந்தாலும் வரட்டும், நான் சோறு கொண்டுவருவேன். அடுத்த வாய்தா மார்ச் 22.

உடம்பைப் பார்த்துக்கொள், ரயிலில் கண்ட பலகாரத்தை வாங்கித் தின்னாதே. பட்டறை முதலாளியிடம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வராதே, காரணத்தைச் சொல்லிவிட்டு வா, திரும்பப் போனால் சேர்த்துக்கொள்வார். கண்ணகிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு வா, நீயே அவள் வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டும். உன் சிநேகிதர்களிடம் சொன்ன கதையின் மீதியையும் சொல்லிவிடு, அதைக் கேட்டு அவர்கள் சிரிக்க மாட்டார்கள், பரவாயில்லை. நம் குலசாமி உனக்குத் துணை இருக்கட்டும், நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனசாரச் சொல்கிறோம். எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது, பழனி வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். இறங்கினதும் பழைய ஞாபகத்தில் கரும்புக் காட்டு வழியாகப் புகுந்து வந்துவிடாதே. பகலில் வா, அவனோடு தெரு வழியாக நடந்து வா.

இப்படிக்கு,
உன் அப்பா
கந்தசாமி